ஹெசல்ராய்ட் பெயருள்ளவர் எவரேனும்

ஹார்டன்பெக் தேவாலயத்தில் ஈஸ்டர் கழிந்த மூன்றாம் ஞாயிறு அன்று ஒரு அறிவிப்பு வாசிப்பார்கள். இருநூற்று முப்பது வருஷமாக வாசிக்கிறார்கள். "ஹெசல்ராய்ட் என்னும் பெயருடையோர் எவரேனும் தலைசாய்க்க இடமின்றித் தவிப்பாராயின், இப்போதே எழுந்து நின்று அறிவிப்பாராக." வாசித்த கையோடு போதகர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மனசுக்குள் ஒரு பரமண்டல ஜெபத்தை முழுசாகச் சொல்லி முடிக்கிற நேரம் வரைக்கும். உயில் எழுதிவைத்துச் செத்த ஜோசையா ஹெசல்ராய்ட் அப்படித்தான் நிபந்தனை போட்டிருந்தார்.

ஜோசையா கம்பளித் துணி வியாபாரி. நாலு தலைமுறைக்குக் காணும் சொத்து சேர்த்தவர். சாகும்போது ஆறு கல்வீடுகளைக் கட்டி தர்மத்துக்கு விட்டார். ஐந்து வீடு ஊர் ஏழைகளுக்கு. ஆறாவது வீடு தன் பெயருள்ள ஏழை ஒருவருக்கு மட்டும். நாற்பத்து மூன்று வருஷமாக அந்த ஆறாவது வீட்டுக்கு ஆள் வரவில்லை. மடக்கு நாற்காலிகளும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான இரண்டு மரக் கழுதைகளும்தான் அதில் குடியிருந்தன. ஆகவே அந்த மௌன நேரத்தில் ஜனங்கள் இருமல் மிட்டாயைப் பிரிப்பார்கள், கையுறையைத் தேடுவார்கள். அறக்கட்டளைத் தலைவர் ரோலண்ட் ஹெசல்ராய்ட் முன்வரிசையிலிருந்து திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஊரில் மிச்சமிருந்த ஒரே ஹெசல்ராய்ட் அவர்தான். எழுபத்து நாலு வயசு, பிள்ளை குட்டி இல்லை, நாலு படுக்கையறை வீடு இருக்கிறது.

அந்த வருஷமும் திரும்பிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நான் இருக்கேன்" என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அறக்கட்டளையின் எழுத்தர் பெரில் டோர்டாஃப் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் வேகத்தில் திரும்பினாள். ஊதா நிறத் தொப்பி, பொத்தான் போட்ட நல்ல கோட்டு, கையில் நடைக்கோல். அறுபத்தெட்டு வயசிருக்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி, பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இசில்டா ஹெசல்ராய்ட். எழுந்து நிக்கணும்னு சொன்னீங்க, நின்னுட்டேன். முட்டி வலிக்குது. உக்காரலாமா?"

போதகர் பிலிப்பா அம்மையாருக்குக் கையிலிருந்த தாளில் அதற்குமேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷத்தில் அடுத்து என்ன செய்வது என்பதை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றார். அடுத்த பாட்டின் எண்ணைத் தவறாகச் சொன்னார்; ஆர்கன் ஒன்றை வாசிக்க, சபை வேறொன்றைப் பாடியது.

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் டீ. இசில்டாவைச் சுற்றி அறங்காவலர்கள் கோப்பையும் சாஸருமாக நின்றார்கள். பெரிலுக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு மூக்கு நீளம். ஊரில் பாதிப் பேருடைய வம்சாவளியை அவர்கள் கேட்காமலே எழுதிக் கொடுத்தவள் அவள். "உசிரோட இருக்கறவங்ககிட்ட உனக்குப் பேச ஒண்ணும் இல்ல, செத்து இருநூறு வருஷம் ஆனாத்தான் நீ நலம் விசாரிப்ப" என்று அவள் புருஷன் நார்மன் குத்துவான்.

ரோலண்ட் தொண்டையைச் செருமினார். "எங்கேர்ந்து வர்றீங்க, மேடம்?"

"லீட்ஸ். சாப்பல்டவுன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஹேர்ஹில்ஸ். மூணு தெரு தள்ளி."

"இல்ல, நான் கேக்கறது... மொதமொதல்ல?"

"மொதமொதல்ல எங்கம்மா வயித்துல."

போதகர் அம்மையாருக்கு டீ புரை ஏறிவிட்டது. பெரில் முகத்தைப் பிஸ்கட் தட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இசில்டாவே இரங்கி வந்தார். "ஜமைக்கா, சார். பன்னெண்டு வயசுல வந்தேன். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. லீட்ஸ்ல பொறந்தவன், செத்தவன், பாதிப் பேரு துணி என் கையில வெளுத்ததுதான். இப்ப இருக்கற மாடி வீட்ட ஓனர் விக்கறான். ஜூன் கடைசிக்குள்ள காலி பண்ணணும். கவுன்சில் வரிசையில ரெண்டு வருஷம் ஆகும்கறாங்க. பர்மிங்ஹாம்ல தங்கச்சி மக வீட்டு சோபா ஒண்ணு இருக்கு. அது அவ நாய் படுக்கற சோபா."

"இந்த அறிவிப்பு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் பெரில்.

"எங்க சர்ச் பொம்பளைங்களோட சுற்றுலா வந்தோம். பஸ் இங்க நின்னுச்சு, எல்லாரும் பாத்ரூம் போனாங்க. நான் நிமிந்து பாக்கறேன், அந்த வீடுங்க வாசல் வளைவுல என் பேரு கல்லுல வெட்டியிருக்கு. டிரைவர் ஹாரன் அடிக்கறான், அடிக்கறான், நான் நகரல. அப்பறம் நூலகத்துல கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன்."

ரோலண்ட் கெட்டவர் இல்லை. மரியாதை தெரிந்த மனுஷர். ஆனால் அந்தப் பெயரைத் தன் கோட்டுப் பையில் வைத்திருக்கிற மாதிரி நாற்பது வருஷம் நடந்தவர். "பேரு ஒண்ணா இருக்கறது வேற, குடும்பம் ஒண்ணா இருக்கறது வேற இல்லையா? ஸ்தாபகர் மனசுல நினைச்சது உறவுக்காரங்களத்தான். ஜூன் பன்னெண்டாம் தேதி கூட்டம். அதுக்குள்ள பெரில் விசாரிச்சுச் சொல்லட்டும். வழி முறையா வந்திருக்கான்னு பாப்போம்."

"பாருங்க. எனக்கும் தெரிஞ்சுக்க ஆசைதான்" என்றார் இசில்டா. பெரிலின் காதில் அந்த வாக்கியம் தேனாகப் பாய்ந்தது.

மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டாள். வாரம் இரண்டு காலை எழுத்தர் வேலை, மிச்ச நாளெல்லாம் மாவட்ட ஆவணக் காப்பகம். நார்மன் தானே முட்டை பொரித்துச் சாப்பிட்டான், கருகச் சாப்பிட்டான், குறை சொல்லவில்லை.

பெயரின் தொடக்கம் அவளுக்கு ஏற்கனவே தெரியும். மேட்டுப் புல்வெளியில், ஹேசல் மரங்களை வெட்டித் திருத்திய ஒரு துண்டு நிலம்; அப்படித் திருத்திய நிலத்துக்கு அந்தப் பக்கத்தில் 'ராய்ட்' என்று பெயர். 1379-ஆம் வருஷத்து வரிச் சுருளில் அந்த நிலத்துக்காரன் ரிச்சர்ட் என்று ஒருவன் இருக்கிறான். நிலத்தின் பெயரே ஆளின் பெயராக ஒட்டிக்கொண்டது. இன்று அங்கே இரண்டு இடிந்த சுவரும் ஆடுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியும் மட்டும். மூன்று தலைமுறை குளிரில் விறைத்த பிறகு குடும்பத்துக்குப் புத்தி வந்து பள்ளத்தாக்குக்கு இறங்கியது. நூல் நூற்றார்கள், தறி போட்டார்கள். ஒருவன் ஹல் துறைமுகத்துக்குப் போய்க் காணாமல் போனான். ஒருவன் தங்க நாணயத்தின் ஓரத்தைச் சீவி விற்றுத் தூக்கில் தொங்கினான். அதை ஒருமுறை பெரில் சொன்னபோது, "அது வேற கிளை" என்றார் ரோலண்ட், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அதன் பிறகு பெயர் மெலிந்துகொண்டே வந்தது. ஊர் நடுவில் உள்ள போர் நினைவுத் தூணில் நாலு ஹெசல்ராய்ட். மற்ற வீடுகளில் பெண்பிள்ளைகளாகப் பிறந்து, கல்யாணத்தில் பெயர் மாறிப் போனது. இங்கிலாந்து முழுக்கத் தேடியும் ஏழு பேர்தான் கிடைத்தார்கள். ஜமைக்காவின் தொலைபேசிப் புத்தகத்தில் பத்தொன்பது பேர். பெரில் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கப்பல் ஏறி அந்தத் தீவில்தான் குடும்பம் நடத்துகிறது. இங்கே இருப்பது அது விட்டுப்போன வீடு என்று அவளுக்குத் தோன்றியது.

எப்படிப் போனது என்பதற்குப் பதில் ஜோசையாவின் உயிலில் இருந்தது. உயிலின் முதல் தாளை ஊரே அறியும். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டியிருக்கிறது. மொத்தம் பதினாலு தாள் என்பது காப்பகத்தில் கேட்டு வாங்கியபோதுதான் பெரிலுக்கே தெரிந்தது. ஒன்பதாவது தாள். ஜமைக்காவில் உள்ள கரும்புத் தோட்டத்தில் தனக்குச் சேர வேண்டிய மூன்றில் ஒரு பங்கை அண்ணன் மகன் எட்மண்டுக்கு எழுதியிருந்தார். செப்புக் கொதிகலன்கள், ஆறு கோவேறு கழுதைகள், அதற்குக் கீழே நாற்பத்தொரு மனிதர்கள். கழுதைகளுக்கும் பெயர் இருந்தது, மனிதர்களுக்கும் பெயர் இருந்தது. குடும்பப் பெயர் இரு தரப்புக்கும் இல்லை. இருபத்தொன்பதாவது வரியில், "ஜூனோ, சிறுமி, வயது ஐந்து, நல்ல ஆரோக்கியம்."

பெரில் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். ஆனால் நூலின் முனை கையில் கிடைத்தபின் இழுக்காமல் இருக்க அவளால் முடியாது. எட்மண்ட் கப்பலேறிய தேதியைப் பிடித்தாள். ஜமைக்காவின் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணினித் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். பதினொரு நாள் தள்ளினாள். பன்னிரண்டாம் நாள் 1799-இல் ஒரு வரி. "ராபர்ட், வயது இரண்டு. தகப்பன் எட்மண்ட் ஹெசல்ராய்ட். தாய் ஜூனோ, அடிமை." இசில்டா தந்த தாத்தா, பூட்டன் பெயர்களை மறுபக்கத்திலிருந்து ஏற்கனவே கோத்து வைத்திருந்தாள். இரண்டும் ராபர்ட்டில் வந்து முட்டிக்கொண்டன. "ஆஹா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். காப்பகக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக லீட்ஸ் பஸ்ஸைப் பிடித்தாள்.

இசில்டாவின் வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. மேஜையில் மசாலா வாசம் வீசும் கறுப்பு பன் ரொட்டி, நடுவே தடிமனாக ஒரு சீஸ் துண்டு, பக்கத்தில் இஞ்சி டீ. "சாப்புடு மொதல்ல. மூச்சு வாங்குது உனக்கு" என்றார். பெரில் ஒரு வாய் கடித்துவிட்டுத் தாள்களைப் பரப்பினாள்.

"கெடச்சிருச்சு! முழுசா கெடச்சிருச்சு. ரோலண்ட் இனி வாயத் தொறக்க முடியாது. நீங்க வெறும் பேரு மட்டும் இல்ல, ரத்த உறவே. ஸ்தாபகரோட அண்ணன் மகனுக்கு நேர் வாரிசு. இதோ பாருங்க, இது உயில். இது ராபர்ட். இந்த ராபர்ட்டோட அப்பா..."

இசில்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உயில் தாளை எடுத்தார். விரலால் வரி வரியாக இறங்கினார். இருபத்தொன்பதில் விரல் நின்றது. அப்புறம் ஞானஸ்நானத் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இந்த உயில் எந்த வருஷம்?"

"எண்பத்தெட்டு. ஆயிரத்து எழுநூத்தி எண்பத்தெட்டு."

"அப்ப அஞ்சு வயசு. ராபர்ட் பொறந்தது?"

"தொண்ணூத்தேழு."

"அஞ்சும் ஒம்பதும்" என்றார் இசில்டா. "பதினாலு."

பெரில் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். இரண்டு தாளையும் அவள்தான் கண்டுபிடித்தாள். நகலெடுத்தாள், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், வழியெல்லாம் தனக்குத் தானே சிரித்தாள். அந்த ஒரு கூட்டலை மட்டும் அவள் போடவில்லை. போடத் தோன்றவில்லை. காது மடல் வரைக்கும் வெட்கம் ஏறியது.

"தங்கச்சி பேத்திக்கு இப்ப பதினாலு. இன்னும் தூங்கறப்ப கட்டவெரல் சூப்புறா." இசில்டா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்களுக்குத் தெரியும் பெரில். யாருன்னு தெரியும். வீட்ல அத வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும். வயசு தெரியாது. வயசு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"மன்னிச்சிருங்க. நான் யோசிக்கவே இல்ல."

"நீ சந்தோஷமா சொன்ன."

"ஆமா. சந்தோஷமாத்தான் சொன்னேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் தாள கூட்டத்து மேஜையில வைக்காத" என்றார் இசில்டா. "பேருக்கு வீடுன்னு எழுதியிருக்கு. பேரு என்கிட்ட இருக்கு. அதுக்குத் தந்தா வாங்கிக்கறேன். அந்தாளு ரத்தம் எனக்குள்ள ஓடுதுன்னு காமிச்சு வீடு வாங்கினேன்னா, அவன் செஞ்சதுக்கு நான் ரசீது எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். நாய் சோபாவே தேவல."

"இது இல்லாம ரோலண்ட் ஒத்துக்க மாட்டாரு."

"அப்ப ஒத்துக்க வேணாம்."

"வைக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பெரில் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் சிப்ஸ் தின்றுகொண்டிருந்ததால் அழவில்லை.

ஜூன் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. கூட்ட அறையில் ஐந்து அறங்காவலர்கள். ரோலண்ட், போதகர் பிலிப்பா, பல் டாக்டர் சக்டன், கவுன்சிலர் அம்மாள் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். மேஜையின் கடைசியில் குறிப்பேட்டுடன் பெரில். அவளுக்கு எதிரே இசில்டா, அதே ஊதாத் தொப்பி.

பெரில் எழுந்து வாசித்தாள். இசில்டா, அவர் தகப்பனார், தாத்தா என்று மேலே மேலே போய் ராபர்ட் ஹெசல்ராய்ட் வரைக்கும் சான்றிதழ் எண்களோடு சொன்னாள். ஆறு தலைமுறை, ஒரே பெயர், நடுவில் ஓட்டை ஒன்றும் இல்லை.

"பிரமாதம்" என்றார் ரோலண்ட். மனசாரத்தான் சொன்னார். "அந்த ராபர்ட்டோட அப்பா?"

"அத நான் சொல்ல மாட்டேன்."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. பெரில் ஒரு விஷயத்தைச் சொல்ல மாட்டேன் என்பதை அந்த ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"கெடைக்கலையா?"

"கெடச்சுது. சொல்ல மாட்டேன்."

"பெரில், நீங்க இந்த அறக்கட்டளையோட எழுத்தர். எங்களுக்காகத்தான் தேடினீங்க."

"ஆமா. அது தப்புன்னா வேற எழுத்தர் பாத்துக்கோங்க. உயில் பேரக் கேக்குது. பேரு இருக்கு. ரத்தத்தக் கேக்கறது நீங்க. அது என் கையிலேர்ந்து வராது." உட்கார்ந்து, பேனாவை எடுத்து, எழுத ஒன்றும் இல்லாமல் பிடித்துக்கொண்டாள்.

ரோலண்ட் கோத்துப்பிடித்த தன் கைகளைப் பார்த்தார். "அப்ப எனக்கு வேற வழி தெரியல. ஸ்தாபகர் தன் குடும்பத்துக்குன்னு விட்டுட்டுப் போன எடம். உறவு நிரூபணம் இல்லாம நான் கைதூக்க முடியாது. மேடம், உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. தயவுசெஞ்சு தப்பா நினைச்சுக்காதீங்க."

பல் டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். தலைவர் சொன்ன பிறகு எதிர்த்துக் கைதூக்கும் பழக்கம் அந்த மேஜைக்குக் கிடையாது. காரியம் கைநழுவிவிட்டது என்று பெரிலுக்குத் தெரிந்தது. பைக்குள் அந்தத் தாள் இருக்கிறது. எடுத்து வைத்தால் போதும். அவள் எடுக்கவில்லை.

இசில்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடைக்கோலை மேஜையில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

"பெரில் சொல்லாது. வாக்குக் குடுத்திருக்கு. நானே சொல்றேன், என் வீட்டுக் கத." சுவரில் மாட்டிய உயிலைக் காட்டினார். "அதுல இன்னும் பதிமூணு தாள் இருக்கு. ஒம்பதாவது தாள உங்கள்ல யாராவது படிச்சிருக்கீங்களா? அதுல ஒரு கொழந்த இருக்கா. ஜூனோ. அஞ்சு வயசு. கழுதைங்களுக்குக் கீழ எழுதியிருக்கு. அண்ணன் மகன் எட்மண்டுக்குக் கரும்புத் தோட்டத்தோட சொத்தா போனவ. ராபர்ட் பொறக்கறப்ப அவளுக்குப் பதினாலு. ராபர்ட்டோட அப்பா எட்மண்ட். போதுமா சார், உறவு?"

ரோலண்டின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இதுக்காக நான் வீடு கேக்கல. இதுக்கு ஈடா இந்த ஊரயே தந்தாலும் எனக்கு வேணாம். பேரச் சொல்றேன், கேளுங்க. எட்மண்ட் பேர நாங்க ஏன் இன்னும் வச்சிருக்கோம்னு நினைக்கிறீங்க? ஜூனோவுக்கு ஒரு மக இருந்தா. பெஸ். எட்டு வயசுல தீவோட அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வித்துட்டாங்க. வண்டியில ஏத்தறப்ப ஜூனோ வயக்காட்டுல இருந்தா. பாக்கக்கூட இல்ல. அப்பறம் விடுதல வந்துச்சு. அப்ப ஜூனோவுக்கு அம்பத்தஞ்சு. பேரு பதியற மேஜை போட்டாங்க. இஷ்டப்பட்ட பேரச் சொல்லலாம். வரிசையில நின்னவங்க எல்லாம் புதுசு புதுசா பேரு சொல்றாங்க, சிரிக்கறாங்க, ஆடறாங்க. ஜூனோ ஹெசல்ராய்ட்னு சொன்னா. ராபர்ட் வந்து கத்தினானாம், இந்தப் பேரயா வச்சுக்கற, காறித் துப்பவேண்டிய பேரயான்னு. அதுக்கு அவ சொன்னா: 'பெஸ் போறப்ப அவளுக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான். நடந்து வந்தான்னா அந்தப் பேரச் சொல்லித்தான் கேப்பா. நான் மாத்திகிட்டா எம்புள்ள எங்கன்னு போய் நிப்பா?'"

பெரில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"வந்தாளா?" என்று கேட்டார் ரோலண்ட். குரல் அவருடையதுபோலவே இல்லை.

"வரல, சார். ஜூனோ எண்பது வரைக்கும் இருந்தா. வரல. எங்க வீட்டுப் பொண்ணுங்க கல்யாணம் ஆனாலும் இந்தப் பேர விட மாட்டோம். எம்புருஷன் பேரு கேம்பல். நல்ல மனுஷன், பேர மட்டும் நான் வாங்கிக்கல. எங்கப்பா லீட்ஸ் வந்து எறங்கி, ஒத்த ரூம் வாடகைக்கு எடுத்து, மொத வேலையா கதவுல இந்தப் பேர இவ்ளோ பெருசா எழுதி வச்சாரு. பெஸ் செத்து எத்தனையோ காலம் ஆயிருக்கும். தெரியும். இருந்தாலும் வாசல்ல எழுதாம இருக்க எங்களால முடியல." மூச்சு வாங்க நிறுத்தினார். "இப்ப என்னைய வீட்டவிட்டுப் போகச் சொல்றாங்க. நான் எங்க போகணும்? இந்தப் பேரு எழுதியிருக்கற வாசலுக்குத்தான போகணும்? உங்க வாசல்ல அது எழுதியிருக்கு."

அவர் உட்கார்ந்தார். ரோலண்ட் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "டீ போடறேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சமையலறைக்குள் போய்விட்டார். தலைவர் டீ போட்டதாக அந்த அறக்கட்டளையின் குறிப்பேடுகளில் எங்கும் இல்லை. குழாய் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. கெட்டிலை நிரப்ப அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.

"நாம கைதூக்கலாமா?" என்றார் போதகர் பிலிப்பா. நாலு கைகள் ஒன்றாக எழுந்தன. கவுன்சிலர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்கினார்.

ரோலண்ட் தட்டுடன் வந்தபோது கண் இமைகள் சிவந்திருந்தன, முன்தலைமுடி நனைந்திருந்தது. "நாலு பேரு சரின்னுட்டோம், ரோலண்ட்" என்றார் பல் டாக்டர், மன்னிப்புக் கேட்கிற தொனியில்.

"அஞ்சுன்னு எழுதுங்க, பெரில்." முதல் கோப்பையை இசில்டாவின் முன்னால் வைத்தார். பழக்க தோஷத்தில் கை கிண்ணத்துக்குப் போனது. "சர்க்கரை?"

கேட்ட பிறகுதான் கேட்டது என்ன என்று அவருக்கு உறைத்தது. கரண்டி அந்தரத்தில் நின்றது.

"மூணு கரண்டி" என்றார் இசில்டா. "தாராளமா போடுங்க. எங்க ஆளுங்க எப்பவோ வெல குடுத்துட்டாங்க."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அது சரியான சிரிப்பும் இல்லை. ரோலண்ட் மூன்று கரண்டியையும் போட்டார். பாதி சாஸரில் கொட்டியது. ஆறாம் எண் வீட்டிலிருந்து அந்த மரக் கழுதைகளைச் சனிக்கிழமை தானே வந்து தூக்குவதாகச் சொன்னார். ரோலண்ட் முதுகுவலிக்காரர், அவற்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்றார் பல் டாக்டர்.

மற்றவர்கள் கோட்டுகளைத் தேடும்போது பெரில் தன் பையைத் திறந்து அந்த இரண்டு தாளையும் இசில்டாவிடம் நீட்டினாள். "இது உங்களுது. என்கிட்ட வேற நகல் கெடையாது. எனக்கு இனிமே இந்த வேலையே வேணாம்னு இருக்கு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள மூக்க நுழைக்கற பொழப்பு."

"இப்பத்தான் விடணும்னு தோணுச்சா உனக்கு?" இசில்டா தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தார். பெரிலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்ல ஆறு தலைமுறையா யாருக்கும் தெரியாத ஒரு வயசக் கண்டுபிடிச்ச. உன் மூக்கு நீளம், அது நல்லதுதான். இவளத் தேடு. பெஸ். வித்தது ஆயிரத்து எண்ணூத்தி பதினொண்ணுல. அப்ப எட்டு வயசு. அவளுக்கும் புள்ளைங்க இருந்திருக்கும். வேற ஏதோ பேருல எங்கேயோ இருப்பாங்க."

பெரில் பேனாவை எடுத்துக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். கண்ணில் நீர் நின்றதால் எழுத்து கோணலாக விழுந்தது.

"கண்டுபிடிச்சா என்ன சொல்லட்டும்?"

"நாங்க பேர மாத்தலன்னு சொல்லு."